மாமியாருக்கு மோட்சம் உண்டா இல்லையான்னு தம்பி சொல்லலாமா?

கேள்வி: நான் சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட்) குடும்பத்துல பிறந்தவ, வாக்கப்பட்டது ஆர்சி (கத்தோலிக்க) வீட்ல. போன மாசம் மாமியார் தவறிட்டாங்க. வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்தே போவாங்க, செவ்வாய்க்கிழமையானா அந்தோணியார் கோயில்ல சாப்பாடு போடுவாங்க, தெருவுல யாருக்கு முடியலன்னாலும் முத ஆளா கஞ்சி வச்சு எடுத்துட்டுப் போவாங்க. துட்டி வீட்ல வச்சு என் தம்பி, "அவங்க கிரியைய, அதாவது தான் செஞ்ச நல்லத நம்புனவங்கக்கா, ரட்சிப்பு கிடையாது"ன்னுட்டான். அவன் இப்போ வேற ஒரு தனி சபைக்குப் போறான். வீட்டுக்காரர் காதுல விழுந்துருச்சு, அன்னைலேர்ந்து அவன்கூடப் பேச்சே இல்ல. இதே தம்பிதான் முன்னாடி என் நகைய அடகு வைக்க வாங்கிட்டுப் போனவன், இன்னும் திருப்பல, கேட்டா "கர்த்தர் வாசல் திறப்பார்"ங்கிறான். அவன் சொன்னது சரியா? எனக்கும் உபவாசம் ஒரு நாள் விட்டாலே பயமா இருக்கு, நான் செய்றது போதுமா?
- வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தம்பி பேச்ச முதல்ல எடுத்துக்குவோம்மா. இறந்தவங்க எங்க போனாங்கன்னு துட்டி வீட்ல நின்னு தீர்ப்பு சொல்ற அதிகாரத்த அவனுக்கு யாரும் கொடுக்கல. அவன் தூக்கிப் பிடிக்கிற, பைபிள்ல பல நிருபம் எழுதுன அப்போஸ்தலர் பவுலே, காலம் வர்றதுக்கு முன்னாடி எதையும் தீர்ப்பு சொல்லாதீங்கன்னு கொரிந்தியருக்கு எழுதியிருக்காரு, என்னைய நானே தீர்ப்பு சொல்லிக்கிறதில்லன்னும் அதே இடத்துலதான் சொல்றாரு.

ஆனா அவன் இல்லாத வசனத்தச் சொல்லல, அதையும் ஒத்துக்கணும். எபேசியர் 2-ல 8, 9 வசனம் கிருபையினாலே விசுவாசத்தக் கொண்டு ரட்சிக்கப்பட்டீங்க, கிரியைனால இல்ல, யாரும் பெருமையடிக்க முடியாதுன்னு தெளிவா சொல்லுது. பிரச்சனை என்னன்னா பாதிப் பேரு அங்கயே பைபிள மூடிடுறாங்க, 10-வது வசனம் நற்கிரியை செய்றதுக்காகவே நம்மள உண்டாக்கியிருக்காருன்னு தொடர்ந்து போகுது, அதச் சுவர்ல ஸ்டிக்கரா ஒட்டி நான் பாத்ததில்ல.

இதையே பவுல் அடிச்சுப் பேசுற கலாத்தியர் நிருபம் யாருக்கு எழுதுனதுன்னும் பாக்கணும். கலாத்தியாவுல, அதாவது இன்னைக்கு துருக்கி இருக்கிற பக்கம், யூதரல்லாத புறஜாதியிலேர்ந்து வந்த விசுவாசிங்ககிட்ட நீங்க விருத்தசேதனம் (சுன்னத்து) பண்ணாதான் முழுசா சேர்த்தின்னு சிலர் போய் நெருக்குனாங்க. அந்தியோகியாவுல இயேசுவோட சீடர் பேதுருவே, எல்லார்கூடவும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தவரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபுகிட்டேர்ந்து ஆளுங்க வந்ததும் பயந்து எந்திரிச்சுப் போயிட்டாரு, பவுல் மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டாரு. பந்தில யாரு உக்காரலாம் யாரு உக்காரக் கூடாதுங்கிறதுல ஆரம்பிச்ச சண்டை அது (நம்ம ஊருக்கு இத ரொம்ப விளக்கத் தேவையில்ல). தெருவுக்குக் கஞ்சி கொண்டு போற ஒரு கிழவிய நினைச்சு அவரு அந்த லெட்டர எழுதல.

கிரியையும் வேணும்னு பைபிள்ல நிருபம் எழுதுன யாக்கோபுக்கு எதிர்ல இருந்தவங்க வேற ஆளுங்க. தங்க மோதிரம் போட்டவன் சபைக்குள்ள வந்தா நல்ல எடத்துல உக்கார வைக்கிறது, கந்தல் துணியோட வந்தவன அங்க நில்லுன்றது, துணியில்லாம சாப்பாடில்லாம நிக்கிறவன்கிட்ட சமாதானத்தோட போ, குளிர்காய்ஞ்சுக்கோ, பசியாறுன்னு வாயால மட்டும் சொல்லி அனுப்புறது, இவங்ககிட்டதான் அவரு கிரியை இல்லாத விசுவாசம் செத்ததுங்கிறாரு. தேவன் ஒருத்தர் உண்டுன்னு பிசாசும்தான் நம்புது, நம்பி நடுங்குதுன்னு ஒரு குத்து வேற.

ரெண்டு பேரும் ஆபிரகாமத்தான் உதாரணம் காட்டுறாங்க, ஆனா ஆபிரகாம் வாழ்க்கையில வேற வேற நாள எடுக்குறாங்க. பவுல் எடுக்கிறது ஆதியாகமம் 15, வானத்த பாரு, நட்சத்திரத்த எண்ணு, உன் சந்ததி அப்படி இருக்கும்னதும் அவரு நம்புற இடம், விருத்தசேதனமே 17-ம் அதிகாரத்துலதான் வருது. யாக்கோபு எடுக்கிறது 22, பல வருஷம் கழிச்சு மகன் ஈசாக்க பலிபீடத்து மேல கிடத்துன நாள். நம்பினவரும் நடந்தவரும் ஒரே மனுஷன்தான்.

அடுத்து, ஆர்சிக்காரங்க கிரியையால மோட்சம்னு நம்புறாங்கன்னு நம்ம பக்கத்துல ரொம்ப நாளா ஒரு பேச்சு. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்த ஆரம்பிச்சு வச்ச ஜெர்மன் துறவி லூத்தர எதிர்த்து கூடுன திரிதெந்து சங்கம் (கத்தோலிக்க ஆயர்களோட பெரிய கூட்டம்) 1547-ல நீதிமானாக்கப்படுறதப் பத்தி போட்ட தீர்மானத்துல முதல் விதியே, கிறிஸ்துவோட கிருபை இல்லாம மனுஷன் தன் செயலால மட்டும் நீதிமானாக முடியும்னு எவன் சொன்னாலும் அவன் சபைக்கு வெளியங்கிறதுதான். அந்தப் பக்கம் லூத்தர், 1522-ல ரோமர் நிருபத்துக்கு எழுதுன முன்னுரையில, விசுவாசம்ங்கிறது உயிரோட துடிப்பா வேலை பாக்கிற ஒண்ணு, அது நல்லது செய்யாம இருக்கவே முடியாதுங்கிறாரு. உங்க தம்பி சொல்றதுக்கு லூத்தரும் கையெழுத்துப் போட மாட்டாரு. 1999 அக்டோபர் 31 அன்னைக்கு ஜெர்மனில ஆக்ஸ்பர்க்ல கத்தோலிக்கரும் லூத்தரன்களும் சேர்ந்து ஒரு கூட்டு அறிக்கையில கையெழுத்தே போட்டாங்க: நம்ம தகுதினால இல்ல, கிருபையினால மட்டுமே கிறிஸ்துவ விசுவாசிச்சு தேவன் நம்மள ஏத்துக்கிறாரு, ஆவியானவர் நம்மள புதுசாக்கி நற்கிரியைக்கு அழைக்கிறாருன்னு. 2006-ல மெத்தடிஸ்ட்காரங்க, 2017-ல சீர்திருத்த சபைக்காரங்க எல்லாரும் அதுல சேர்ந்தாங்க. உத்தரிக்கிற ஸ்தலம் (மோட்சத்துக்கு முன்னாடி ஆத்துமா சுத்தமாகுற நிலை), இறந்தவங்களுக்காக ஜெபம், புனிதர்கள்கிட்ட வேண்டுறது இதெல்லாம் இன்னும் சண்டைதான், தனி சபைகள் பலதுக்கு அந்த அறிக்கையோட சம்பந்தமும் கிடையாது. ஆனா உங்க வீட்டுக்காரர்கிட்ட "எங்க சபை அப்படிச் சொல்லல, தம்பிதான் சொன்னான்"னு தைரியமா சொல்லலாம். அத சீக்கிரம் சொல்லுங்க. பாவம், அம்மாவப் பறிகொடுத்த மனுஷன் அந்த வார்த்தைய மனசுல வச்சு உருட்டிட்டே இருப்பாரு.

இப்போ உங்க பயத்துக்கு வருவோம். எனக்கு உங்க லெட்டர்ல தம்பிய விட இதுதான் கவலையா இருந்துச்சு. லூத்தரும் இப்படித்தான் இருந்தாரு, எர்ஃபர்ட்ல துறவியா இருந்தப்போ உபவாசம், ராத்திரி முழிப்பு, மணிக்கணக்கா பாவசங்கீர்த்தனம் (குருகிட்ட பாவத்த அறிக்கையிடுறது), வெளிய வந்ததும் ஐயோ ஒண்ணு விட்டுப்போச்சேன்னு திரும்ப ஓடுறது. போதுமான்னு கேக்க ஆரம்பிச்சா அதுக்கு முடிவே கிடையாதுன்னு பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட பிறகுதான் பவுல் அவருக்குப் புரிஞ்சாரு. நீங்க எபேசியர் 2:8-ஐ உக்காந்து படிக்க வேண்டிய ஆளு. தம்பி யாக்கோபு 2 படிக்க வேண்டிய ஆளு. இப்போ நடக்கிறது லோ சுகர்ல மயங்குறவங்க சுகர் மாத்திரையப் போட்டுக்கிட்டு, சுகர் ஏறிக் கிடக்கிறவன் கையில குளுக்கோஸ் பாக்கெட்ட கொடுத்த கதை. உபவாசம் ஒரு நாள் விட்டுப்போச்சா, சாப்பிட்டுட்டு ஜெபம் பண்ணுங்க. மாமியார் மாதிரி இருக்கணும்னும் அவசியமில்ல. மத்தேயு 25-ல வலது பக்கம் நிக்கிறவங்க "ஆண்டவரே, நாங்க எப்போ உம்மைப் பசியாப் பாத்தோம்"னு ஆச்சரியமா கேக்குறாங்க, அதாவது அவங்க கணக்கே வச்சிருக்கல. உங்க மாமியாரும் எத்தன சட்டி கஞ்சின்னு எழுதி வச்சிருந்த மாதிரி நீங்க எங்கயும் சொல்லல.

கடைசியா நகை. "கர்த்தர் வாசல் திறப்பார்"னா அதுக்குப் பதிலா லூக்கா 19-ல வரி வசூல் பண்ணி பணக்காரனான சகேயு கதைய எடுங்க. இயேசு முதல்ல அவன் வீட்டுக்கு விருந்தாளியா வந்தாரு, பணத்த திருப்பிக் கொடுத்துட்டு வா, அப்புறம் வர்றேன்னு சொல்லல, அது கிருபை. வந்தப்புறம் சகேயு சும்மா உக்காரல, சொத்துல பாதி ஏழைங்களுக்கு, யார்கிட்டயாவது அநியாயமா வாங்கியிருந்தா நாலு மடங்கா திருப்புறேன்னு அவனாவே எந்திரிச்சு நிக்கிறான். உங்களுக்கு நாலு மடங்கு வேணாம், வச்ச நகை வந்தா போதும். ஆனா வசனத்துக்கு வசனம் போட்டி போட்டு ராத்திரி முழுக்க போன்ல இழுக்காதீங்க, அதுல அவன்தான் ஜெயிப்பான், நகை அங்கயேதான் இருக்கும். "துட்டி வீட்ல பேசுனதுக்கு மாமாகிட்ட நேர்ல வந்து மன்னிப்பு கேளு, வரும்போது அடகு ரசீதையும் கொண்டா"ன்னு ரெண்டே விஷயம் சொல்லுங்க. ரசீது யார் பேர்ல இருக்கு, வட்டி எவ்வளவு சேர்ந்திருக்கு, ஏல நோட்டீஸ் ஏதும் வந்திருக்கான்னு இந்த வாரமே பாத்துடுங்க, அவன் பேர்ல வச்சிருந்தா நோட்டீஸும் அவன் வீட்டுக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.