பூட்டிய அலமாரி

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

யாங்கோனில் தாமுவே பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 15 வயது. சின்னப் பிள்ளையில் 23ஆம் சங்கீதத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். இப்போது குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால் தலைவலி என்கிறான். உட்கார்ந்தாலும் கொட்டாவிதான். ஞாயிறு பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டு நழுவிவிடுகிறான். ஆராதனையில் கடைசி பெஞ்ச், கையில் போன். சபையில் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். தங்கை பிள்ளைகள் வசனப் போட்டியில் பரிசு வாங்குகிறார்கள். என் கணவர் ஜெபத்தில், "ஆண்டவரே, இவன் கல்லான இருதயத்தை எடுத்துப்போடும்" என்று அழுகிறார். அதற்கும் அசையமாட்டேன் என்கிறான். ராத்திரியில் பர்மிய பைபிளை வைத்து எதையோ வாசித்துக்கொண்டிருந்தான். இப்படியே விட்டால் தமிழ் எழுத்தே மறந்துவிடும் என்று வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டேன், அது வேறு விஷயம். மறுபடியும் சொல்கிறேன், ஜெபத்துக்கு வரமாட்டேன் என்கிறான். எங்கே தவறினேன்?

— ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

வேறு விஷயம் என்று நீங்கள் ஒதுக்கியதுதான் விஷயமே. யாரும் சொல்லாமல், போட்டிக்கும் பரிசுக்கும் இல்லாமல், ஒரு பையன் ராத்திரியில் வேதத்தைத் திறந்திருக்கிறான். பூட்டியது நீங்கள்.

உங்களுக்குள் இருப்பது தமிழ் போய்விடுமோ என்ற பயம். அது நியாயமான பயம்தான். 1960களில் பர்மாவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, அங்கே தமிழைத் தாங்கியதில் வீட்டுக்கும் வழிபாட்டு இடங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தச் சுமையை அவன் பக்தியின் தலையில் ஏற்றிவிட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாம் பர்மியத்தில் படிக்கிறவனுக்குத் தமிழ் வேதத்தின் "கிருபாசனம்", "நீதிமானாக்கப்படுதல்" எல்லாம் ஓசைதான். எழுத்துக் கூட்டி வசனத்தின் கடைசிக்கு வருவதற்குள் முதல் பாதி மறந்துபோகும். ஏழு வயதில் ஓசை போதும். 15 வயதில் அர்த்தம் வேண்டும். அந்தக் கொட்டாவியில் பாதி இங்கிருந்து வருவதாக இருக்கலாம். பர்மிய வேதம் ஒன்றும் மட்டமானதல்ல. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் எபிரெய, கிரேக்க மூலங்களிலிருந்து மொழிபெயர்த்து 1834இல் முடித்தது அது. அந்தப் பர்மிய நடையும் பழசுதான், அதிலும் அவன் தடுமாறுவான். தடுமாறட்டும்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனைப் பற்றி ஆண்டவரிடம் புகார் சொல்வது, கண்ணை மூடிக்கொண்டு திட்டுவதுதான். அவன் பதில் சொல்வதற்குள் ஆமென் வந்துவிடுகிறது. அவனுக்காக அழவேண்டுமானால் தனியறையில் அழட்டும்.

குடும்ப ஜெபத்தை 15 நிமிடமாகக் குறையுங்கள். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள், ஓட்டமாகப் போகும். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு வசனம் போதும். முதலில் அவன் பர்மியத்தில் வாசிக்கட்டும், பிறகு நீங்கள் தமிழில். சொல் எங்கே மாறுகிறது என்று அவனிடம் கேளுங்கள். அங்கே அவன்தான் உங்களுக்கு வாத்தியார். "எனக்கு நம்பிக்கை வரவில்லை" என்று சொன்னால் அன்று ராத்திரியே திருத்தப் போகாதீர்கள், பிரசங்கம் தொடங்கிய இடத்தில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அதே மாற்குவின் 9ஆம் அதிகாரத்தில், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று கதறுவது பிள்ளை அல்ல, தகப்பன்.

தமிழுக்குக் கீர்த்தனைகள் இருக்கின்றன. ராகம் சொல்லைப் பிடித்துவைக்கும். சனிக்கிழமை ஒரு பாட்டு, அர்த்தத்தோடு.

தங்கை பிள்ளைகளின் பரிசைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இன்றைக்கே அலமாரியைத் திறந்து, வாங்கிப் பூட்டியது தப்பு என்று சொல்லி, புத்தகத்தை அவன் கையில் கொடுங்கள். எந்த இடத்தில் நிறுத்தியிருந்தான் என்று மட்டும் கேளுங்கள்.