பிக்கப் எங்கே போச்சு? புது எஸ்யூவிக்காரர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி, மிட்சைஸ் எஸ்யூவி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாதவர்களுடையவை. நம் குமரி மாவட்டத்தில் டிஎன் 74 (நாகர்கோவில்) ஆனாலும் டிஎன் 75 (மார்த்தாண்டம்) ஆனாலும் கேட்பது ஒன்றுதான்: பிக்கப்பை, அதாவது வண்டி சட்டென்று வேகம் எடுக்கும் திறனை, ஏற்ற என்ன மாட்டலாம்? குறை சொல்லி எழுதியவர்களின் வண்டிப் பெயரையும் கடைப் பெயரையும் எடுத்துவிட்டேன். இன்ஜின் என்ன வகை என்று தெரிந்தால் பதில் சொல்ல அதுவே போதும்.

"சாரே, நம்ம வண்டி 1.5 பெட்ரோல், டர்போ இல்லை, ஆட்டோமேட்டிக். வீட்டுல அஞ்சு பேரு ஏறி ஏசியும் போட்டா, குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை ஏத்தத்துல மூச்சு முட்டுது. ஸ்போர்ட்ஸ் ஏர் ஃபில்டரும் த்ராட்டில் கன்ட்ரோலரும் மாட்டினா செரியாகும்னு சொல்லுகாங்க. மாட்டலாமா?" – மார்த்தாண்டம்

மாட்ட வேண்டாம். முதலில் உங்கள் இன்ஜினின் குணத்தைப் பாருங்கள். இந்த வகுப்பில் டர்போ இல்லாத 1.5 பெட்ரோல் தருவது ஏறத்தாழ 145 என்எம் (நியூட்டன் மீட்டர்) டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவை. ஹூண்டாய் க்ரெட்டாவில் 144, ஹோண்டா எலிவேட்டில் 145. அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 4,300–4,500 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போதுதான் முழுசாகக் கிடைக்கும். அதே க்ரெட்டாவின் 1.5 டர்போ பெட்ரோலுக்கு 253 என்எம். 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். டெஸ்ட் டிரைவில் டர்போவை ஓட்டிப் பார்த்துவிட்டு, விலையைப் பார்த்துச் சாதா இன்ஜினை புக் செய்தவர்கள் நம் பக்கம் நிறைய. ஏமாற்றம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம்மூரில் ஒரு பயம் உண்டு. முள் 3,000-ஐத் தாண்டினால் இன்ஜின் கெட்டுப்போகும் என்று காலை எடுத்துவிடுவோம். உங்கள் இன்ஜின் 6,000-க்கு மேலும் சுற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரை மேனுவலுக்கோ ஸ்போர்ட்டுக்கோ மாற்றி, 3,500-க்குக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சத்தம் போடும், போடட்டும். வளைவுக்குள் நுழைந்து வேகம் செத்த பிறகு ஆக்சிலரேட்டரை மிதிப்பதால்தான் கியர்பாக்ஸ் தடுமாறி, கியர் குறைத்து, உறுமி, தாமதமாக இழுக்கிறது.

த்ராட்டில் கன்ட்ரோலர் ஒரு என்எம்மைக்கூடக் கூட்டாது. பெடலைப் பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாக இன்ஜினுக்குச் சொல்லும், அவ்வளவுதான். தண்ணீர்க் குழாயைப் பெரிதாக்காமல் அதன் திருகை மட்டும் வேகமாகத் திறப்பது மாதிரி. வாங்கிய முதல் வாரம் வண்டி பறப்பதாகத் தோன்றும். டிராஃபிக்கில் இரண்டு நாள் தலையாட்டிக்கொண்டு ஓட்டியதும் பலர் பழைய அளவுக்கே திருப்பி வைத்துவிடுவார்கள்.

ஸ்போர்ட்ஸ் ஏர் ஃபில்டர் என்று விற்கும், துவைத்துப் போடும் பருத்தி ஃபில்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பேப்பர் ஃபில்டர் சுத்தமாக இருந்தால், இந்த இன்ஜினின் காற்றுத் தேவைக்கு அது தாராளம். பருத்தி ஃபில்டரில் எண்ணெய் தடவ வேண்டும். அளவு கூடினால் அந்த எண்ணெய் காற்றை அளக்கும் சென்சாரில் படியும். ரப்பர் எஸ்டேட்டுக்குள் செம்மண் தடத்தில் போய் வருகிறீர்கள் என்றால் உங்களுக்குத் தேவை தூசியை நன்றாகப் பிடிக்கும் ஃபில்டர்; காற்றைத் தாராளமாக விடுவது அல்ல. பேப்பர் ஃபில்டரையே, புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் காசில் இன்ஜினுக்கு நீங்கள் செய்யக்கூடிய நல்ல காரியம் அதுதான்.

"அண்ணே, அலாய் அப்படியே இருக்கட்டும், டயரை மட்டும் 215/60 ஆர்17-ல இருந்து 235/60-க்கு மாத்தலாம்னு இருக்கேன். பாக்க கெத்தா இருக்கும். ஆனா இப்பவே பிக்கப்பும் மைலேஜும் கம்மியா இருக்கு, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க." – தக்கலை

தம்பி, ஒரே கடிதத்தில் நோயையும் கேட்டு, மருந்தையும் கேட்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். இப்போதைய டயரின் விட்டம் சுமார் 690 மி.மீ. நீங்கள் கேட்பதன் விட்டம் சுமார் 714. மூன்றரை சதவீதம் பெரிது. இன்ஜின் ஒரு சுற்றுக்கு வண்டி அவ்வளவு கூடுதல் தூரம் போக வேண்டும், அதாவது எல்லா கியரும் மூன்றரை சதவீதம் நீளும். பிக்கப் அங்கேயே கழன்றது. எடையும் கூடும், அந்த எடை சக்கரத்தின் ஓரத்தில் சுற்றும் எடை என்பதால் வேகம் எடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் தெரியும்.

மைலேஜிலும் ஒரு வேடிக்கை உண்டு. வண்டி உண்மையில் 10,000 கி.மீ. ஓடியிருக்கும், மீட்டர் சுமார் 9,660 என்று காட்டும். உண்மையில் குறைந்தது போதாதென்று மீட்டரும் தன் பங்குக்குக் குறைத்துக் காட்டும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் உள் லைனரில் உரசவும் வாய்ப்புண்டு.

பெரிதாக்கியே ஆக வேண்டுமென்றால் 225/60 வரை போகலாம். விட்டம் இரண்டு சதவீதத்துக்குள் நிற்கும். லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழைய டயருக்குக் குறையக் கூடாது. என்னைக் கேட்டால், அதே 215/60-ல், ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் டயராகப் பார்த்து வாங்குங்கள் என்பேன். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. புது வண்டியோடு வரும் டயர் பெரும்பாலும் மைலேஜுக்காகத் தேர்ந்தெடுத்தது. அதை மாற்றியதும் பிரேக்கும் வளைவும் மாறுவதை முதல் மழையிலேயே உணர்வீர்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் மனசாரச் சிபாரிசு செய்யும் ஒரே 'பெர்ஃபார்மன்ஸ்' மாற்றம் இதுதான்.

"டர்போ பெட்ரோல், டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் வண்டி. ஸ்டேஜ் 1 ரீமேப் செய்தால் 30, 40 பிஎஸ் பவர் கூடும் என்கிறார்கள். உண்மையா? வாரன்டி என்ன ஆகும்?" – நாகர்கோவில், பார்வதிபுரம்

உண்மை. ரீமேப் என்பது இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதுவது. வெறும் சாஃப்ட்வேர் மாற்றத்தில் நிஜமாகப் பவர் ஏறுவது டர்போ இன்ஜினில் மட்டும்தான். பூஸ்ட் பிரஷரையும் இக்னிஷன் டைமிங்கையும் ஏற்றினால் காற்றும் பெட்ரோலும் கூடுதலாக எரியும். டர்போ இல்லாதவர்கள் இதற்குக் காசு கொடுத்தால் கையில் வருவது சொற்பம்.

ஆனால் எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறார்கள், கியர்பாக்ஸைக் கேட்பதில்லை. வண்டி எது என்று நீங்கள் எழுதவில்லை, ஒரு உதாரணம் சொல்கிறேன். ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வாகன் டைகுன் இரண்டிலும் 1.5 டிஎஸ்ஐ டர்போ இன்ஜின் 250 என்எம் தருகிறது. அதோடு வரும் 7 ஸ்பீட் டிஎஸ்ஜி (டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ்) உலர் கிளட்ச் வகை. அதற்குக் கம்பெனி வைத்த வரம்பே 250 என்எம்தான். ஏற்கெனவே கோட்டின் மேல் நிற்கும் பெட்டிக்கு 300 என்எம்மைக் கொடுத்தால் ஹைவேயில் ஒன்றும் தெரியாது. வேட்டூர்ணிமடம் டிராஃபிக்கில் ஊர்ந்து, மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே பாதிக் கிளட்ச்சில் நின்று நின்று போகும்போதுதான் கிளட்ச் சூடேறித் தேயும். மேனுவல் கியர் வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் இடமிருக்கிறது. அவருக்கும் கிளட்ச் செலவு முன்கூட்டியே வரும்.

வாரன்டிக்கு வருகிறேன். "சர்வீஸுக்கு முன்னால் பழைய மேப்பை ஏத்திக் குடுத்திருவோம், தெரியாது" என்பார்கள். இசியூவில், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கைப் பல கம்பெனிகள் பதிவு செய்து வைக்கின்றன. பெரிய கிளெய்ம் வரும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இன்ஷூரன்ஸிலும் சொல்லாமல் செய்த மாற்றம் வம்பு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால், வாரன்டி முடியும்வரை பொறுங்கள். அதுவரை அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் பிரேக் பேடுக்கும் போடுங்கள்.

"மகன் புது வண்டிக்குச் சைலன்சரை மாத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். நீங்களாவது சொல்லுங்க." – திங்கள்சந்தை

சொல்கிறேன், அம்மா. சைலன்சரின் பின்பக்கப் பெட்டியை மட்டும் மாற்றினால் சத்தம் கூடும், வேகம் கூடாது. போலீஸ் பிடித்தால் அபராதம் அவன் சம்பளத்திலிருந்து என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

"டீசல் எஸ்யூவி. வீட்டிலிருந்து கடைக்கு 4 கி.மீ., திரும்ப 4 கி.மீ. டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது. அதைக் கழற்றிவிட்டு சாஃப்ட்வேரில் மறைத்தால் பிக்கப்பும் கூடும் என்று ஒரு கடையில் சொன்னார்கள்." – கோட்டாறு

அந்தக் கடைக்கு இனிமேல் போகாதீர்கள். டிபிஎஃப் என்பது டீசல் புகையை வடிகட்டும் ஃபில்டர். அது புகைக்கரியைப் பிடித்து வைத்து, போதிய சூடு வந்ததும் ஏறத்தாழ 600 டிகிரியில் எரித்துச் சாம்பலாக்கும். 4 கி.மீ. ஓட்டத்தில் அந்தச் சூடு வருவதற்குள் நீங்கள் சாவியை அணைத்துவிடுகிறீர்கள். எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் பாதியில் நின்று, சிலிண்டர் சுவரோரம் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் குறையாமல் மேலே ஏறியிருந்தால், முகர்ந்தால் டீசல் வாடை வந்தால், உடனே ஆயிலை மாற்றுங்கள்.

விளக்கு முதலில் எரியும்போதே, நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு ரோட்டில் 20 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். கியரை ஒன்று குறைத்து, முள் 2,000-க்குமேல் நிற்கும்படி. பெரும்பாலும் விளக்கு தானே அணைந்துவிடும். வாரம் ஒரு முறை இதைப் பழக்கமாக்கிக்கொண்டால் பிறகு எரிவது பெரும்பாலும் நிற்கும். ஆயில், டிபிஎஃப்-க்கு ஏற்ற சாம்பல் குறைந்த வகையாக இருக்க வேண்டும். புத்தகத்தில் உள்ள எண்ணைக் கடைக்காரரிடம் காட்டி வாங்குங்கள். டிபிஎஃப்-ஐக் கழற்றினால் அது பிஎஸ்6 மாசு விதிக்கு உட்பட்ட வண்டியே அல்ல. விற்கும்போது ஸ்கேனர் போட்டுப் பார்க்கத் தெரிந்தவன் பாதி விலை கேட்பான்.

தினம் 8 கி.மீ.க்கு டீசல் வாங்கியதைப் பற்றி இப்போது பேசிப் பயனில்லை.

"ஆரல்வாய்மொழி தாண்டும்போது 100-ல் வண்டி அலைகிறது. லோயரிங் ஸ்பிரிங் போடலாமா?" – வடசேரி

அதை ஒட்டிய முப்பந்தலில் காற்றாலைகளை ஏன் நட்டார்கள் என்று யோசித்தால் பதில் கிடைத்துவிடும். மலைக்கு நடுவே கணவாய் காற்றைப் பிழிந்து விடுகிறது; தென்மேற்குப் பருவம் முழுக்க அப்படித்தான். உயரமான வண்டிக்குப் பக்கவாட்டுப் பரப்பு அதிகம். லாரியை ஓவர்டேக் செய்யும் நொடியில் காற்று மறைந்து, தாண்டியதும் ஓங்கி அறையும். அங்கே 80-க்குக் குறையுங்கள். மேலே ரூஃப் கேரியர் சும்மா கிடந்தால் இறக்கி வையுங்கள். டயர் பிரஷரைக் கதவு ஸ்டிக்கரில் உள்ளபடி வைத்து, அலைன்மெண்டும் பார்த்துவிடுங்கள்.

ஸ்பிரிங்கைக் குறைத்தால் ஸ்பீடு பிரேக்கரில் வயிறு தட்டும். இன்னொன்று, இப்போது வரும் பல வண்டிகளில் ஏடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் பாதுகாப்பு அமைப்பு) கேமராவும் ரேடாரும் குறிப்பிட்ட உயரத்துக்கும் சாய்வுக்கும் அளவெடுத்து வைத்தவை. உயரத்தை மாற்றினால் மறுபடி காலிபரேட் செய்ய வேண்டிவரும். முன்னால் இரும்பு பம்பர் கார்டு மாட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். ரேடாரை மறைக்கும், ஏர்பேக் சென்சாரின் கணக்கைக் கெடுக்கும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு நடவடிக்கை எடுக்கச் சொன்ன பொருள் அது.

"இ20 பெட்ரோலால் மைலேஜ் குறைகிறதா? பிக்கப்?" – களியக்காவிளை

மைலேஜ் குறையும். எத்தனாலில் லிட்டருக்குள்ள சக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால், கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட 6, 7 சதவீதம் சக்தி குறைகிறது. பழைய இ10-ஓடு ஒப்பிட்டால் வித்தியாசம் இதில் பாதி. 15 கொடுத்த வண்டி 14.5 கொடுத்தால் அது இ20. 11 கொடுத்தால் வேறு கோளாறு, பிரேக் ஒட்டிப் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம் என்பதால் பிக்கப்பை இ20 கெடுப்பதில்லை.

"குளச்சலில் கடலோர வீடு. காலையில் வண்டியை எடுத்ததும் பிரேக்கில் கரகரப்பு. பெரிய டிஸ்க் மாற்ற வேண்டுமா?"

வேண்டாம். இரவு உப்புக்காற்றில் டிஸ்க் மேல் படிந்த துரு அது. நாலைந்து பிரேக்கில் போய்விடும். சத்தம் நாள் முழுக்க இருந்தால் மட்டும் காலிப்பர் பின்னைக் கழற்றி, சுத்தம் செய்து, கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். வாட்டர் வாஷுக்கு விடும்போது அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடிக்கச் சொல்ல வேண்டும். போர்த்தண்ணீர் உவர்ப்பாக உள்ள இடத்தில் கழுவாதீர்கள்.