பாதிரிக்குடியார் ரக்ஷை

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்று. மேலே சமணர் படுக்கைகள், அடிவாரத்தில் ஏரி. குவாரிக்காரர்கள் கண் வைத்திருப்பதாகப் பேச்சு. அதைக் காப்பாற்ற நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். ஒரு கல்லூரியும் ஓர் அறக்கட்டளையும் உடன் வரத் தயார். ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதி தருவதாகச் சொல்கிறது. இத்தனை பேர் சேர்ந்தால் வேலை நடக்குமா, ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்களா? யாரை முன்னால் நிறுத்துவது?

வாசகர், திண்டிவனம்

அன்புள்ள நண்பருக்கு,

படித்ததும் மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டிதான் நினைவுக்கு வந்தது. அந்த மலையில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவம் ஒன்று இருக்கிறது. கூடவே சில வரி வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துமுறை. பொற்கோட்டுக் கரணத்தார் பெயரில் அச்சணந்தி செய்வித்த திருமேனி, பாதிரிக்குடியார் ரக்ஷை என்று அது சொல்கிறது. கரணத்தார் கணக்கர்கள். அச்சணந்தி சமணத் துறவி. ரக்ஷை என்றால் காவல். பாதிரிக்குடி என்பது அந்த ஊரின் பழைய பெயர் என்கிறார்கள். பெயர் ஒருவருக்கு, வேலை ஒருவருக்கு, காவல் ஊராருக்கு. ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பங்கீடு. உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

இன்றைக்கு அதே மலையைத் துறைகள் துண்டு துண்டாகப் பார்க்கின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தமிழி (தமிழ் பிராமி) எழுத்தும் குடைவரைக் கோயிலும் தொல்லியல் பக்கம். லகர் வல்லூறும் தேவாங்கும் எறும்புத்தின்னியும் வனத்துறை பக்கம். ஏரி இன்னொரு அலுவலகம், நிலம் வருவாய்த்துறை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானமே கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் சுனைக்குத் தண்ணீர் வரும் வழியும் வல்லூறு இரை தேடும் வெளியும் அந்த 300 மீட்டரில் அடங்காது. மலையை முழுதாகப் பார்ப்பவர்கள் அதன் அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்களும் வயல் வைத்திருப்பவர்களும்தான்.

2024 நவம்பரில் இந்தப் பகுதியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போனபோது இது எல்லாருக்கும் தெரிந்தது. மொத்தம் 2,015 ஹெக்டேர். இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்த அரிட்டாபட்டிப் பகுதியின் 193 ஹெக்டேரும் அதற்குள்ளேயே இருந்தது. எதிர்ப்பு வந்ததும், டிசம்பரில், அந்தப் பகுதியை மட்டும் விலக்கி எல்லையை மாற்றலாமா என்று ஆராயச் சொன்னது மத்திய அரசு. ஊர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மலையில் விழும் மழை ஒரு கண்மாய் நிறைந்து அடுத்த கண்மாய்க்குப் போகிற பூமி அது, கோடு போட்டுப் பிரிக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கு முன்பே கிராம சபைகள் தீர்மானம் போட்டிருந்தன, மேலூரில் கடையடைப்பு நடந்திருந்தது, சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 23ஆம் தேதி ஏலம் ரத்தானது.

அந்தக் கூட்டத்துக்குக் கையில் காகிதம் இருந்தது என்பதையும் கவனியுங்கள். சுமார் 250 வகைப் பறவைகள், 72 ஏரிகள், 200 சுனைகள் என்று கணக்கு முன்பே அரசாணை வரை போயிருந்தது. கல்வெட்டுகளை அறிஞர்கள் எப்போதோ படித்து வைத்திருந்தார்கள். ஆபத்து வந்த பிறகு எண்ண ஆரம்பித்திருந்தால் நேரம் போதாது.

சரி, உங்கள் குன்றுக்கு வருவோம். முன்னால் நிற்க வேண்டியது ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு. 2002ஆம் வருஷத்துச் சட்டப்படி உள்ளாட்சி ஒவ்வொன்றும் அதை அமைக்க வேண்டும். பல ஊர்களில் பெயரளவில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஊரின் செடி கொடி, உயிரினங்களைக் குறித்துவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுவது அந்தக் குழுவின் பொறுப்பு. கல்லூரி மாணவர்கள் உதவட்டும். மூலிகை பறிக்கும் பாட்டி சொல்கிற பெயரையும் அவர் சொல்கிறபடியே அதில் எழுத வேண்டும். பாரம்பரியத் தலமாக அறிவிப்பதும் உள்ளாட்சியைக் கலந்து மாநில அரசு செய்வதுதான். 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் 5 ஹெக்டேர்கூட இல்லாத கோயில்காட்டுக்கு அந்தத் தகுதி கிடைத்தது. உங்கள் குன்று சின்னது என்று தயங்க வேண்டாம்.

அறக்கட்டளையோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: படங்களும் குறிப்புகளும் ஊராட்சியிலும் ஒரு பிரதி இருக்கும், பறவைக் கூடு இருக்கும் இடத்தை யாரும் வெளியில் போடக் கூடாது. கூட்டைப் படமெடுக்க ஆள் கூடினால் தாய்ப்பறவை முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும்.

நிறுவனத்தின் பணத்தை வாங்குங்கள், ஆனால் இன்ன வேலைக்கு என்று முடிவு செய்துவிட்டு, ஊராட்சி வழியாக. பாறையில் பெயர்ப்பலகை வேண்டாம். மரக்கன்று நடுகிறோம் என்றால் எங்கே என்று கேளுங்கள். மொட்டைப் பாறையும் புதர்க்காடும் வல்லூறுக்கு வீடு, அங்கே மரம் நிரப்பினால் அதன் வேட்டைவெளி போகும்.

ஒன்று சொல்ல மனசு வலிக்கிறது. வேறொரு மாவட்டத்தில் ஒரு குழுவினர் சமணர் படுக்கையைச் 'சுத்தம்' செய்ததைப் பார்த்தேன். கம்பி பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும். காதலர்கள் எழுதிய பெயிண்ட் போனது. விரல் வைத்துத் தடவினேன். பெயிண்டுக்கு அடியில் இருந்த பழைய எழுத்தின் ஓரமும் மழுங்கியிருந்தது. அவர்கள் நல்ல பிள்ளைகள். தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் ஆள் வந்திருப்பார். அதனால் முதல் கடிதம் அந்தத் துறைக்குப் போகட்டும். பதில் வரும்வரை பாறையை யாரும் தொட வேண்டாம்.

அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடம் குன்றின் புல எண்ணும் நில வகைப்பாடும் வாங்கிவிடுங்கள். குவாரிப் பேச்சு உண்மையா என்று அதிலிருந்துதான் தேட முடியும். வரும் கிராம சபையிலேயே தீர்மானத்தை வையுங்கள். அதற்கு முன் எனக்கு அந்தப் புல எண்ணையும் படுக்கையின் படத்தையும் அனுப்புங்கள். எழுத்து ஏதும் தெரிகிறதா என்று கல்வெட்டு படிக்கத் தெரிந்த நண்பர்களிடம் காட்டுகிறேன்.