தங்கை கணவர் கேட்கும் முன்பணத்துக்கெல்லாம் நகையா?

கேள்வி: மண்டபத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். மாத ஓய்வூதியம் 42,000 ரூபாய். பாட்டுக் கேட்பதற்கென்று 14க்கு 12 அடி அறை ஒன்றை ஒலி அமைப்புடன் மாற்றிக் கட்ட, ஒப்பந்ததாரரான என் தங்கையின் கணவரிடம் 4 லட்சத்துக்குப் பேசினேன். இதுவரை 5.20 லட்சம் கொடுத்துவிட்டேன். அதில் 3 லட்சம் மனைவியின் நகைகளை மூன்று முறையாக அடகு வைத்தது. கடற்காற்றில் இரும்புச் சட்டங்கள் துருப்பிடித்ததால் மாற்ற வேண்டும், விலையும் ஏறிவிட்டது என்று இன்னும் 1.5 லட்சம் கேட்கிறார். மீண்டும் நகைக்கடனா, கைபேசிச் செயலியில் கிடைக்கும் உடனடிக் கடனா?

பதில்: இரண்டும் வேண்டாம். எந்தக் கடன் மலிவு என்று ஆராய்வதற்கு முன்னால், முடிந்த வேலையை அளக்காமலேயே தொலைபேசி வந்ததும் பணம் அனுப்பும் பழக்கத்தை நீங்கள் நிறுத்தியாக வேண்டும்.

நீங்கள் அனுப்பிய குறிப்பைக் கொண்டு, இதுவரை முடிந்த வேலையின் மதிப்பைத் தோராயமாகக் கணக்கிட்டேன். சுவரில் ஒலியை உறிஞ்சும் பலகை 300 சதுர அடி, அடி 250 ரூபாய் வீதம் 75,000, கூரை 168 சதுர அடி, 120 வீதம் சுமார் 20,000, வயரிங் 40,000, கதவு 35,000, பொருத்துக் கூலியுடன் ஏசி 55,000. கூட்டினால் 2.25 லட்சம் வருகிறது. தாராளமாக 2.5 லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும், செய்யாத வேலைக்காக 2.7 லட்சம் அவரிடம் நிற்கிறது. பேசிய மொத்தத் தொகையையே தாண்டிக் கொடுத்தவரிடம் மேலும் 1.5 லட்சம் கேட்கப்படுகிறது என்றால், உங்கள் முன்பணம் வேறொரு கட்டடத்தின் சனிக்கிழமைக் கூலியாகப் போயிருக்க வாய்ப்பு அதிகம். இந்தத் தொழிலில் அது அரிதன்று. உறவினர் என்பதால் கேட்கத் தயங்கும் வாடிக்கையாளரிடம் இன்னும் எளிதாக நடக்கும்.

துருவைக் காரணம் காட்டுவதை ஏற்க முடியவில்லை. இருபுறமும் கடல் உள்ள மண்டபத்தில் உப்புக்காற்று இரும்பை அரிக்கும் என்பது அங்கே தொழில் செய்பவருக்கு முதல் நாளே தெரியும். துத்தநாகம் பூசிய சட்டம் போடாதது அவருடைய தவறு. அதன் செலவும் அவருடையதே.

மீதமுள்ள 220 சதுர அடிப் பலகையையும் கைவிடலாம். ஒலியை உறிஞ்சும் பொருளால் எல்லாச் சுவர்களையும் மூடினால் எதிரொலிப்பே இன்றி அறை செத்துப்போகும். மெல்லிய பலகை மேல்சுரங்களை மட்டும் விழுங்க, கீழ்ச்சுரம் முன்போலவே முழங்கும். சுவர்ப்பரப்பு 520 அடியில் 300 முடிந்ததே போதும். மிச்சமாகும் 55,000 ரூபாய்க்குக் கணக்குக் கேளுங்கள்.

செயலிக் கடனைப் பற்றி: 1.5 லட்சத்தை 18 சதவீத வட்டியில் மூன்றாண்டுக்கு வாங்கினால் மாதம் ஏறக்குறைய 5,420 ரூபாய், மொத்தம் 1.95 லட்சம் திரும்பும். மூன்று சதவீதச் செயலாக்கக் கட்டணமும் அதன் மீது ஜிஎஸ்டியும் பிடித்துக்கொண்டு கையில் வருவது 1.45 லட்சத்துக்கும் குறைவே. ஐந்து நிமிடத்தில் கிடைக்கிறது என்பதைத் தவிர அதில் சிறப்பு எதையும் நான் காணவில்லை. நகைக்கடனுக்கோ 12 சதவீதமென்றால் ஏற்கெனவே மாதம் 3,000 வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. புதிதாக 1.5 லட்சம் வாங்கினால் மொத்த வட்டி மாதம் 4,500 ஆகும்.

இந்த வாரமே, உங்கள் தங்கையையும் அருகில் வைத்துக்கொண்டு, வெளிக் கொத்தனார் ஒருவரை அழைத்து அளவெடுத்து, முடிந்தது, முடியாதது, கொடுத்த பணம் என்று ஒரே தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். முடியாத வேலையை அவரிடம் நிற்கும் பணத்திலேயே அவர் முடித்துத் தர வேண்டும். மேற்கொண்டு வாங்க வேண்டிய பொருள் ஏதேனும் இருந்தால் இராமநாதபுரத்திலோ மதுரையிலோ நீங்களே ரசீதுடன் வாங்குங்கள். கூலி மட்டும் அவர் கையில். அவருக்குச் சேர வேண்டிய தொகை ஏதும் மிஞ்சினாலும், அதை ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து பலகைகளில் ஈரம் ஏறவில்லை என்று பார்த்த பிறகே கொடுங்கள்.

புதிய ஆம்ப்ளிஃபயரை இப்போது வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று அடகுச் சீட்டுகளில் தவணை முதலில் முடியும் ஒன்றை மீட்ட பிறகு கேளுங்கள்.