அளவு பார்த்தது ஒரு கடையில், வாங்கியது இன்னொரு இடத்தில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சின்னக் கடைகளைப் பற்றியே. நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். என்னைத் திட்டிய வரிகளை மட்டும் வெட்டவில்லை, அவற்றுக்குப் பதிலும் சொல்லவில்லை.

கேள்வி: ஓட்டப் பயிற்சிக்கு ஷூ வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அரை மணி நேரம் செலவழித்துப் பாதத்தை அளந்து, நாலு ஜோடி போட்டு நடக்கவிட்டு, எனக்குச் சரியான மாடலைச் சொன்னார். அதே ஷூ ஆன்லைனில் விலை குறைவு. அங்கே ஆர்டர் போட்டுவிட்டேன். இதில் தப்பு ஏதாவது இருக்கிறதா?

பதில்: சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனால் கேட்டு எழுதியிருக்கிறீர்கள் என்றால் ஏதோ உறுத்துகிறது, இல்லையா?

அந்த அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். ஆன்லைன்காரர் விலையைக் குறைக்க முடிவதற்கு ஒரு காரணம், அவர் யாருடைய காலையும் அளக்க வேண்டியதில்லை என்பது. அளந்து கொடுக்கிறவர் உங்கள் தெருவில் வாடகை கட்டிக்கொண்டு, ஒவ்வொரு அளவிலும் ஒரு ஜோடி வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தச் செலவெல்லாம் அவர் விலையில் சேர்ந்திருக்கிறது. நீங்கள் அந்தச் செலவை மட்டும் அனுபவித்துவிட்டு விலையை வேறு ஆளிடம் கொடுத்தீர்கள். இதை எல்லோரும் செய்தால் அளந்து பார்க்க ஒரு கடை இருக்காது, அப்போது எல்லோரும் உத்தேசமாக ஒரு அளவை ஆர்டர் போட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். விலை வித்தியாசம் பெரிது என்றால் கடையிலேயே நேராகச் சொல்லியிருக்கலாம்: "அங்கே இந்த விலைக்குக் கிடைக்கிறது, நீங்கள் எவ்வளவு குறைப்பீர்கள்?" அந்த அளவுக்கே இறங்காவிட்டாலும் பாதித் தூரமாவது வருகிறவர்கள் நிறையப் பேர். முடியாது என்று சொன்னால் முடிவு உங்களுடையது, குறைந்தபட்சம் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தீர்கள்.

நானும் யோக்கியன் இல்லை. பிரிண்டர் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், "இந்த மாடல் விலை மலிவு, ஆனால் மை வாங்கியே மாள்வீர்கள்" என்றார். பிரிண்டரைக் குறைந்த லாபத்துக்கு விற்றுவிட்டு மையில் சம்பாதிப்பது அந்தத் தொழிலில் பழைய வழக்கம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதே மாடலை ஆன்லைனில் இன்னும் மலிவாக வாங்கினேன். இரண்டாவது தடவை மை வாங்கும்போது கணக்குப் போட்டால், மைக்குக் கொடுத்த காசு பிரிண்டர் விலையைத் தாண்டியிருந்தது. இன்றுவரை அந்தக் கடை வழியாகப் போனால் எதிர்ப் பக்கம் நடக்கிறேன்.

கேள்வி: சின்ன வியாபாரியிடம் பேரம் பேசலாமா?

பதில்: பேசலாம். அவர் ஒத்துக்கொண்ட பிறகு "யோசித்துச் சொல்கிறேன்" என்று நழுவினால்தான் தப்பு.

கேள்வி: உள்ளூர்க் கடையில் வாங்கினால் பணம் ஊருக்குள்ளேயே சுற்றும் என்கிறார்கள். உண்மையா, சும்மா பேச்சா?

பதில்: பெரும்பாலும் உண்மை. எல்லாக் கடைக்கும் ஒரே அளவில் இல்லை.

உள்ளூர் முதலாளி லாபத்தை அங்கேயே செலவழிக்கிறார், கணக்கு எழுதுகிறவர், போர்டு எழுதுகிறவர், கதவு ரிப்பேர் செய்கிறவர் எல்லோரும் பக்கத்து ஆட்கள். சங்கிலிக் கடையில் சம்பளமும் வாடகையும் ஊரில் தங்கும், கணக்கு, விளம்பரம், லாபம் எல்லாம் தலைமையகத்துக்குப் போய்விடும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 2002ஆம் ஆண்டு இதைக் கணக்குப் போட்டார்கள். 100 டாலருக்கு வாங்கினால், உள்ளூர்ப் புத்தக, இசைத்தட்டுக் கடைகளில் சுமார் 45 டாலர் ஊர்ப் பொருளாதாரத்தில் தங்கியது, சங்கிலிப் புத்தகக் கடையில் சுமார் 13 டாலர். இந்த எண்ணைப் பார்த்தவுடன் எல்லாக் கடைக்கும் ஒட்டிவிடாதீர்கள். வெளிநாட்டில் செய்த போனை யார் விற்றாலும் விலையில் பெரும்பகுதி வெளியேதான் போகும். தையல், முடிவெட்டு, ரிப்பேர் மாதிரி வேலைகளில் நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் உழைப்புக்கான கூலி, அங்கேதான் பணம் உண்மையில் சுற்றுகிறது.

இன்னொன்று. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 99 நாடுகளின் விவரங்களை வைத்து 2019இல் சொன்னது: வேலை செய்கிறவர்களில் 10 பேரில் 7 பேர் சுயதொழில் செய்கிறார்கள், அல்லது சிறு நிறுவனங்களில் இருக்கிறார்கள். "சின்னக் கடைகள் போனால் போகட்டும்" என்று சொல்கிறவர் அந்த 7 பேரில் ஒருவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: தெரிந்த கடைதானே என்று ரசீது வாங்காமல் மின்விசிறி வாங்கினேன். மூன்றாம் மாதம் நின்றுவிட்டது. "இது எங்கள் கடையில் வாங்கியதே இல்லை" என்கிறார்.

பதில்: ரசீது வாங்காமல் என்று நீங்களே எழுதிவிட்டு என்னிடம் நியாயம் கேட்கிறீர்கள். எத்தனை தடவை இந்தப் பக்கத்தில் எழுதுவது? கார்டிலோ போனிலோ பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவைத் தேடி எடுங்கள். விசிறியில் வரிசை எண் இருக்கும், அதை வைத்துத் தயாரித்த தேதியைப் பார்த்து உத்தரவாதம் தருகிற கம்பெனிகளும் உண்டு, அவர்களுடைய சேவை மையத்தில் கேளுங்கள். ரொக்கமாகக் கொடுத்து, பெட்டியையும் தூக்கிப் போட்டிருந்தால், புது விசிறி வாங்குங்கள். ரசீதோடு.

கேள்வி: "30 வருடமாக நடத்திய குடும்பக் கடையை மூடுகிறோம், கடைசிச் சரக்கு" என்று ஒரு விளம்பரம். கையால் செய்த தோல் பை என்று படம். மனசு கேட்காமல் இரண்டு வாங்கினேன். வந்தது ரெக்சின், அதுவும் வேறு நாட்டிலிருந்து. திருப்பி அனுப்பும் செலவு என்னுடையதாம். முட்டாளாகிவிட்டேன்.

பதில்: நீங்கள் முட்டாள் இல்லை. சின்னக் கடைக்காரர்மேல் உங்களுக்கு இருந்த இரக்கத்தை அவர்கள் சரக்காக்கி உங்களிடமே விற்றிருக்கிறார்கள். எனக்கு அதிகக் கோபம் வருவது இந்த வகை மோசடியில்தான், ஏனென்றால் அடுத்த தடவை நிஜமாகவே கடையை மூடுகிற ஒருவரை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: விளம்பரம், பையின் படம், பார்சலில் ஒட்டியிருந்த அனுப்புநர் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் "விவரித்த பொருள் வரவில்லை" என்று புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இதற்குக் கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள். இதற்கிடையில் அவர்கள், "பையை வைத்துக்கொள்ளுங்கள், 20 சதவீதம் தருகிறோம்" என்பார்கள், மறுத்தால் 30, அப்புறம் 40. ஒத்துக்கொண்டால் வங்கியில் உங்கள் வழக்கு பலவீனமாகிவிடும். அடுத்த முறை படத்தை வைத்து இணையத்தில் தேடுங்கள், அதே படம் பத்துக் கடைகளில் வரும். இணைய முகவரி எப்போது பதிவானது என்றும் பார்க்க முடியும். 30 வருடக் கடையின் முகவரி போன மாதம் பிறந்திருந்தால் மேலே படிக்க வேண்டாம்.

கேள்வி: கடை பூட்டியிருந்தது. கோபத்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். என் மனைவி அதை நீக்கச் சொல்கிறார்.

பதில்: நீக்குங்கள். ஒன்பது பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்த இடத்தில் உங்களுடையது ஒன்று சேர்ந்தால் சராசரி 4.6க்கு இறங்கிவிடும். ஐயாயிரம் பேர் மதிப்பிட்ட பெரிய கடைக்கு அது கொசுக்கடி.

கேள்வி: எங்கள் தெருவில் சைக்கிள் ரிப்பேர் கடையை மூடப்போகிறார்களாம். நான் அங்கே போய் இரண்டு வருடம் ஆகிறது, இருந்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது. காப்பாற்ற என்ன வழி?

பதில்: உங்கள் இரண்டாவது வரியைத் திரும்பப் படியுங்கள்.

கேள்வி: தச்சர் ஒருவரிடம் அலமாரி சொல்லி முழுப் பணமும் முன்னாலேயே கொடுத்துவிட்டேன். நாலு மாதம் ஆகிறது. சின்ன ஆள், பாவம், கறாராகக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: முழுப் பணத்தையும் ஏன் கொடுத்தீர்கள்? மரத்துக்கு ஒரு பங்கு, பாதி வேலை முடிந்ததும் ஒரு பங்கு, வீட்டில் வந்து நின்ற பிறகு மிச்சம். இப்போது நேரில் போங்கள், மரம் வாங்கியிருக்கிறாரா என்று கண்ணால் பாருங்கள், ஒரு தேதியை எழுதி வாங்குங்கள். அந்தத் தேதியும் தாண்டினால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் நுகர்வோர் புகார்தான். ஆதரவு என்பது வாயை மூடிக்கொள்வது இல்லை. சொன்ன தேதிக்கு முடிக்கிற தச்சரும் சின்ன ஆள்தான், அவரிடம் போக வேண்டிய வேலையை இவர் பிடித்து வைத்திருக்கிறார்.

கேட்பதால் உறவு முறியும் என்று பயப்படாதீர்கள். எனக்கு ஒருவர் செய்து கொடுத்த புத்தக அலமாரி ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டு, அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் செருகி இரண்டு வருடம் ஓட்டினேன். ஒருநாள் தெருவில் பார்த்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையிலேயே இழைப்புளியோடு வந்தார், பத்து நிமிடத்தில் காலைச் சரி செய்தார், அந்த அட்டையை எடுத்து என் கையில் கொடுத்து, "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.