கிராமத்துக்கு வரும் அரசுப் பணத்தால் ஜனங்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

உண்டு, ஆனால் பணம் யார் கைக்கு வருகிறது என்பதைப் பொறுத்து.

நான் தமிழ்நாடு-கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், கோவை மாவட்டம். அக்காவைக் கட்டிக்கொடுத்தது அந்தப் பக்கம், கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை அருகே. அங்கேயும் பேச்சு தமிழ்தான், தண்ணீருக்கு அதே பாடுதான்.

அக்காவின் மாமியார் இடுப்பெலும்பு உடைந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். மாதாமாதம் நர்ஸ் வீட்டுக்கே வந்து சிறுநீர்க் குழாய் மாற்றி, புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டுப் போவார். அந்த நர்ஸுக்குச் சம்பளம் பஞ்சாயத்துத் திட்டப் பணத்தில். இப்படிப் படுக்கையில் கிடப்பவர்களை வீட்டிலேயே கவனிப்பதற்கென்று 2008-ல் கேரள அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. ஒரு மாதம் ஆள் வரவில்லை, அக்கா வார்டு மெம்பரைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தாள், அந்த வாரமே வந்துவிட்டார். இங்கேயும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வருகிறது, நல்ல திட்டம், ஆனால் அது சுகாதாரத் துறையுடையது. அதைப் பற்றி எங்கள் பஞ்சாயத்துத் தலைவரிடம் கேட்டதற்கு "அதுக்கும் நமக்கும் சம்பந்தமில்லீங்க" என்றார், அது நிஜமும்கூட.

கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் வந்தபோது மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிக்கு என்று ஒதுக்கி, கிருஷிபவன் என்கிற வேளாண் அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாவற்றையும் பஞ்சாயத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். அங்கே மொத்தமே 941 கிராமப் பஞ்சாயத்து, தமிழ்நாட்டில் சுமார் 12,500. அதனால் எங்களுடையது சின்னது: ஒரு செயலர், ஒரு டேங்க் ஆபரேட்டர், சில தூய்மைக் காவலர்கள், அவ்வளவுதான். வருகிற பணத்தில் தெருவிளக்கு, மோட்டார் கரண்ட் பில் போக மிச்சம் சொற்பம். 2021-26-க்கான பதினைந்தாவது மத்திய நிதிக்குழு மானியத்திலும் 60 சதவீதத்தைத் தண்ணீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டிருந்தார்கள், கிராமசபையில் ரோடு வேண்டும் என்று கத்தி என்ன செய்ய?

அங்கே எல்லாம் ஒழுங்கு என்றும் சொல்லமாட்டேன், மார்ச் வந்தால் அவசர அவசரமாகச் சிமெண்ட் பூசிப் பில் போடுவதை அக்காவே சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் இங்கே 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை தேர்தலே நடக்கவில்லை, அதனால் மத்திய மானியத்தையும் நிறுத்தி வைத்தார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. ஆபீஸுக்கு நடந்து சலித்து, கடைசியில் வீட்டுக்கு 200 ரூபாய் வசூல் பண்ணி நாங்களே காயில் கட்டினோம். 2025 ஜனவரியில் மறுபடியும் பதவிக்காலம் முடிந்து பஞ்சாயத்து அரசு போட்ட தனி அலுவலர் கைக்குப் போனபோது, டேங்க் ஆபரேட்டர் முதலில் கேட்டது, "போன தடவை வசூல் கணக்கு எழுதுன நோட்டு யாருகிட்ட இருக்குதுங்க?"