பாஸ்புக் யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

குத்துச்சண்டை வீரர் மைக் டைசனைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். 30 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தவர் 2003-இல் திவால் மனு கொடுத்திருக்கிறார். வீட்டில் புலியெல்லாம் வளர்த்தாராம். படிக்காதவன் கையில் பணம் போனால் இதுதான் கதி என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. என் மகனுக்கு 15 வயது, பேட்மிண்டன் நன்றாக ஆடுகிறான். போன மாதம் ஒரு போட்டியில் ஜெயித்து 5000 ரூபாய் பரிசு வாங்கினான். பத்திரமாக என் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். பத்தாவது முடித்ததும் முழுநேரமும் ஆட்டத்துக்கே போகிறேன் என்கிறான். விடலாமா? விளையாட்டில் வரும் பணம் நிற்காது என்கிறார்களே?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

முதலில் மகன் விஷயம். அவன் ஆட்டம் எந்த அளவுக்கு வரும் என்று அவனுடைய பயிற்சியாளருக்குத்தான் தெரியும், அவரிடம் கேளுங்கள். படிப்பை நிறுத்த வேண்டாம். இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ‘படிக்காதவன் கையில் பணம்’ என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் நல்ல தகப்பன் என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதனால்தான் கோபம் இன்னும் அதிகம்.

டிம் டங்கன் என்று ஒரு கூடைப்பந்து வீரர். சான் அன்டோனியோ அணிக்கு ஐந்து முறை கோப்பை வாங்கிக் கொடுத்தவர். கல்லூரியில் நான்கு வருடமும் முழுதாகப் படித்து, உளவியலில் பட்டம் வாங்கிய பிறகுதான் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். சத்தமே இல்லாத மனிதர். அவர் பல வருடம் நம்பிய நிதி ஆலோசகர் சார்லஸ் பேங்க்ஸ் 2017-இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு நான்கு வருடச் சிறைத் தண்டனை வாங்கினார். டங்கனுக்கு 75 லட்சம் டாலர் திருப்பித் தரவும் உத்தரவானது. பட்டம் எங்கே காப்பாற்றியது? சரி, வீரர்களை விடுங்கள். நியூயார்க் மெட்ஸ் என்ற பேஸ்பால் அணியின் அப்போதைய முதலாளிகள் பெரிய ரியல் எஸ்டேட்காரர்கள். பாபி போனியா என்ற வீரருக்குத் தர வேண்டிய 59 லட்சம் டாலரை அப்போதே கொடுக்காமல், 8 சதவீத வட்டி சேர்த்து 2011 முதல் 2035 வரை வருடா வருடம் கொடுக்கிறோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். கையிலிருக்கும் பணத்தை பெர்னி மேடாஃப் என்ற முதலீட்டு நிறுவனக்காரரிடம் போட்டால் அதைவிட அதிகம் வரும் என்று நம்பிக்கை. மேடாஃப் ஊரையே ஏமாற்றியது 2008-இல் தெரிந்தது. போனியாவுக்கு ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் 11.9 லட்சம் டாலர் தவறாமல் போய்ச் சேர்கிறது.

டைசன் செலவாளிதான், மறுக்கவில்லை. ஆனால் காணொளிக்காரர்கள் புலியைக் காட்டுகிற அளவுக்கு வழக்கைக் காட்டுவதில்லை. தன் பணத்தை எடுத்துக்கொண்டார் என்று சொல்லி போட்டி அமைப்பாளர் டான் கிங் மேல் 10 கோடி டாலர் கேட்டு 1998-இல் வழக்குப் போட்டார். 2004-இல் 1.4 கோடிக்குச் சமரசம் ஆனது. அதற்குள் 2.3 கோடி டாலர் கடனோடு திவால் நீதிமன்றத்தில் நின்றாகிவிட்டது. அவரை வீட்டில் வைத்து வளர்த்த பயிற்சியாளர் கஸ் டமாட்டோ 1985-இல் இறந்துபோனார். பையனுக்கு அப்போது 19 வயது. ஒரே வருடத்தில் உலகச் சாம்பியன். பணம் கொட்டத் தொடங்கியபோது பக்கத்தில் அந்தப் பெரியவர் இல்லை.

அமெரிக்கக் கால்பந்து வீரர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு உண்டு. ஓய்வுபெற்ற 12 வருடத்துக்குள் ஏறக்குறைய 16 சதவீதம் பேர் திவாலாகியிருந்தார்கள். அதிகம் சம்பாதித்தவருக்கும் நீண்ட காலம் ஆடியவருக்கும் அந்த ஆபத்து பெரிதாகக் குறையவில்லை. இதை முதலில் படித்தபோது எனக்கு என் பெரியப்பாவின் நினைப்புதான் வந்தது.

பெரியப்பா பஸ் கண்டக்டர். 31 வருட சர்வீஸ். டிப்போவில் பணம் கட்டும்போது ஒரு ரூபாய் குறைந்தாலும் சொந்தக் காசைப் போட வேண்டும் என்பதால், அவருக்குக் கணக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. வீட்டில் பால்காரர் கணக்கைக்கூட காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்துத்தான் கொடுப்பார். காசை எண்ணும்போது நாலணா, எட்டணா, ஒரு ரூபாய் என்று தனித்தனியாக அடுக்குவார். அடுக்கின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். நாங்கள் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம்.

1996-இல் ஓய்வுபெற்றார். பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 1,60,000 ரூபாய் வந்தது. அந்தப் பணத்தை அப்படியே தங்கை வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். மாமா ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். 24 சதவீத வட்டி. முதல் ஐந்து மாதம் வட்டி வந்தது, ஆறாவது மாதம் ஷட்டர் இறங்கிவிட்டது. பெரியப்பாவும் நானும் போய் நின்றோம். தெரு முழுக்கக் கூட்டம். அவர் கையில் ஒரு மஞ்சள் பை. போலீஸ்காரர் ஒருவர், “டெபாசிட் ரசீது வச்சிருக்கவங்க மட்டும் வரிசையில நில்லுங்க” என்றார். பெரியப்பா பையைத் திறக்கவே இல்லை. மெதுவாக ஒதுங்கி டீக்கடைப் பக்கம் வந்துவிட்டார்.

“ரசீது வாங்கலையா பெரியப்பா?” என்று கேட்டேன்.

“மாப்பிள்ளைகிட்டப் போயி ரசீது கேட்டா அவரு என்ன நினைப்பாருடா?”

நாலணாவை அடுக்கி எண்ணிய மனிதர் சொன்னது இது. இத்தனை வருடமாக இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். கணக்குத் தெரியாமல் பணம் போகவில்லை. வேண்டியவரிடம் கணக்குக் கேட்க வாய் வராமல் போனது. ஆன்டோயின் வாக்கர் என்ற கூடைப்பந்து வீரர் 10.8 கோடி டாலர் சம்பளம் வாங்கிவிட்டு 2010-இல் திவாலானார். வீட்டுமனைத் தொழிலுக்கு வாங்கிய கடன்களுக்கு அவரே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். உசைன் போல்ட் கிங்ஸ்டனில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் போட்ட பணம் 1.27 கோடி டாலருக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில், 12,000 டாலர்தான் மிச்சம் என்று அவருடைய வழக்கறிஞர்கள் 2023-இல் சொன்னார்கள். உலகத்தில் யாராலும் எட்டிப் பிடிக்க முடியாத மனிதர்!

ஜோ லூயிஸ் கதையை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அலபாமாவில் குத்தகை விவசாயி வீட்டில் பிறந்த பிள்ளை. 1937 முதல் 1949 வரை உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன். குடும்பம் கஷ்டத்தில் இருந்தபோது டெட்ராய்ட் நகரம் கொடுத்த நிவாரணப் பணத்தை, சம்பாதித்ததும் திருப்பிக் கட்டிய மனிதர். 1942-இல் இரண்டு போட்டிகளின் வருமானத்தைக் கடற்படை, ராணுவ நிவாரண நிதிகளுக்கு அப்படியே கொடுத்தார், அதே வருடம் தானும் சிப்பாயாகச் சேர்ந்தார். பிற்பாடு வரித்துறை அந்தப் பணத்தையும் அவருடைய வருமானமாகவே கணக்கில் எடுத்தது. மேனேஜர்கள், கடன் கொடுத்த போட்டி அமைப்பாளர், கணக்கு எழுதியவர் என்று சுற்றி இத்தனை பேர் இருந்தும், இதற்கு வரி வரும் என்று ஒருவர்கூட முன்னால் வந்து சொன்னதாகத் தெரியவில்லை. அவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் உச்ச வரி 90 சதவீதத்தைத் தொட்டது. பழைய வரியைக் கட்ட மறுபடி மேடை ஏறினால் அந்தச் சம்பளத்துக்குப் புது வரி, பழையதற்கு வட்டி. 37 வயதில், 1951-இல், ராக்கி மார்சியானோ என்ற இளைய வீரரிடம் எட்டாவது சுற்றில் விழுந்தார். கயிறுகளுக்கு வெளியே போய் விழுந்தார். 1953-இல் தாய் இறந்தபோது மகனுக்கு விட்டுப்போன 667 டாலரையும் வரித்துறை எடுத்துக்கொண்டது. கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட விடுதியில் வருகிறவர்களை வரவேற்கும் வேலை. 1981-இல் இறந்தார். இறுதிச் சடங்குச் செலவில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் மாக்ஸ் ஷ்மெலிங். 1938-இல் லூயிஸ் முதல் சுற்றிலேயே அடித்து வீழ்த்திய அதே ஜெர்மன்காரர்.

இந்த மனிதரையும் ‘படிக்காதவன்’ என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவீர்களா?

உங்கள் கடிதத்தை இன்னொரு முறை எடுத்துப் படித்தேன். மகன் வாங்கிய 5000 ரூபாய் உங்கள் கணக்கில் இருக்கிறது என்கிறீர்கள். பத்து வயது தாண்டிய பிள்ளைகள் தாங்களே கையாளும்படி வங்கியில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். நாளைக்கே அழைத்துக்கொண்டு போங்கள். படிவத்தை அவனே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். பாஸ்புக் அவன் மேஜையில் இருக்கட்டும். கிட் பைக்குப் போனது, சிறகுப்பந்துக்குப் போனது, ஷூவுக்குப் போனது எல்லாம் அவனே எழுதட்டும். அப்புறம் ஒரு நாள் “அப்பா, என் காசுல நீங்க எடுத்த 300 ரூபாய் எங்கே?” என்று கேட்பான். அன்றைக்கு அவன்மேல் பாயாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்கைச் சொல்லுங்கள். போன மாதத்திலிருந்து இன்றுவரை, அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று அவன் உங்களிடம் ஒரு தடவையாவது கேட்டானா?

அன்புடன்.